பதினாறு ஜிபி

காலையில் குற்றவியல், மதியம் கணினி,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டம்.
பாகாயம் பஸ்ஸில் மூன்று வருடம் நின்றே படித்த படிப்பு.
"முடிச்சா போலீஸா, கம்ப்யூட்டரா?" என்று கேட்பவர்களுக்குத்
தேசிங்கு சொல்வான்:
"ரெண்டும் கிடைக்கலைன்னா திருடன்.
படிச்சது வீணாகாது."

ஆறாம் பருவச் செய்முறைத் தேர்வுக்கு
ஆளுக்கொரு பென் டிரைவ்.
புதுசு கூடாது என்றார் ஹெப்சிபா மேடம்,
யாராவது புழங்கியதாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
வங்காள எழுத்துப் பலகை மாட்டிய லாட்ஜுகளுக்கு நடுவே
செல்போன் பழுது பார்க்கிற கடை.
நூற்றிருபதில் தொடங்கி எண்பதில் படிந்தது.
மூடி தொலைந்திருந்தது.
"உள்ள ஒண்ணுமில்லம்மா, சுத்தமா அழிச்சிட்டேன்."

அழித்தல் என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்.
வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றுவது.
வீடு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பவர்களும்,
வேறு யாரோ சாமான்களோடு வந்து இறங்கும்வரை.
எனக்குத் தெரிந்த பதில்.
எழுதிவிட்டேன்.

ஏசி கணினிகளுக்குத்தான் ஓடுகிறது.
எங்கள் பக்கம் முழுக்கச் சித்திரை.
எழுத விடாத கருவி வழியாகச் செருகி
பிரதி எடுத்தேன், ஹாஷ் பார்த்தேன்:
அங்கே அறுபத்து நான்கு எழுத்து,
இங்கே அறுபத்து நான்கு எழுத்து.
விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்,
தேவையில்லை என்று தெரிந்தும்.

முப்பத்தொரு கோப்புகள் எழுந்து வந்தன.
ஸ்கேன் அறிக்கைகள்.
ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு மூன்று டிக்கெட்.
திரும்பிப் போக எடுத்து ரத்து செய்தது,
மறுபடி எடுத்து மறுபடி ரத்து செய்தது.
லாட்ஜ் ரசீதில் வாடகை வாரா வாரம்
மேல் மாடிக்கு ஏறி ஏறிக் குறைந்தது.
கோட்டை அகழி ஓரம் ஒரு பையன்,
தலையில் முடியில்லை,
பாதி கடித்த கொய்யாவைக் கேமராவுக்கு நீட்டுகிறான்.

கடைசியாக ஒரு குரல்பதிவு, பதினேழு நொடி.
மொழி புரியவில்லை.
ஒரு பெண் எதையோ எண்ணுகிறாள்,
மாத்திரையாக இருக்கலாம், ரூபாயாக இருக்கலாம்.
பையன் குறுக்கே ஏதோ சொல்ல
எண்ணிக்கை விட்டுப்போய்ச் சிரிக்கிறாள்.
குக்கர் விசில்.
அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் நிலோஃபருக்கு
ஒரு கல்யாண வீடியோ எழுந்தது.
அளவையும் தேதியையும் குறித்துக்கொண்டு
திறக்காமலே விட்டுவிட்டாள்.
"யார் வீட்டுப் பொண்ணோ" என்றாள்
பேர்ணாம்பட்டு இழுப்போடு.

படிவத்தில் ஒரு கட்டம்:
யார் கையிலிருந்து யார் கைக்கு.
கடைக்காரர், நான், மேடம்.
கடைக்காரருக்கு முன்னால் ஒரு வரி காலியாக இருந்தது.
அன்று காலைதான் இதே பெஞ்சில் படித்தோம்,
தேடுமுன் ஆணை வேண்டும்,
காரணம் எழுத்தில் வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று.
என்னிடம் இருந்தது எண்பது ரூபாய்.

தேர்வு முடிந்ததும் பூஜ்ஜியங்களால் நிரப்பி ஒப்படைக்க வேண்டும்.
மீட்க இயலாது, தொடரவா? என்றது திரை.
மேடத்தைப் பார்த்தேன்.
அவர் அடுத்த பேட்சின் பெயர்களை
வாசித்துக்கொண்டிருந்தார்.
தொடர் என்றேன்.
நிரம்ப இருபத்தாறு நிமிடம் ஆனது,
எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

ஐம்பதுக்கு நாற்பத்தாறு.
குரல்பதிவின் உள்ளடக்கம் விவரிக்கப்படவில்லை
என்று சிவப்பு மையில் ஓரத்தில்.

சாயங்காலம் அந்தச் சந்துக்குப் போனேன்.
அவருக்கு ஞாபகம் இருந்தது.
"ரூம் காலி பண்ணப்ப சார்ஜர், ஹெட்போன், இது,
எல்லாம் சேர்த்து வித்துட்டுப் போனாங்க.
டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைஞ்சுதாம்."

எத்தனை பேர் போனாங்க அண்ணே?
ரெண்டு பேரா, மூணு பேரா?

பற்றவைப்புப் புகையை ஊதி விலக்கிக்கொண்டு
"எண்ணலியேம்மா" என்றார்.
பிறகு மேசைக்கு அடியில் துழாவி,
"முப்பத்திரண்டு ஜிபி ஒண்ணு வந்திருக்கு, பாக்கறியா?"